வெட்டியிருக்கக் கூடியவர்

காட்டுத் திட்டத்தின் அறிக்கை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், மலைக்காட்டின் தலையாய எதிரி என்று ஒருவர் குறிப்பிடப்பட்டிருந்தார். பத்தே ஆண்டுகளில் முழுக் காட்டையும் ஒரு குச்சி மிச்சமில்லாமல் வெட்டித் தள்ளும் வலிமையும் எண்ணமும் உள்ளவர் என்று அவரைப் பற்றி எழுதியிருந்தது.

அந்த எதிரி அப்போது தன் மரம் அறுக்கும் வாள்பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து, விரலில் ஏறிய சிராயை எடுக்கச் சொல்லி மனைவியிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவா, மெதுவா… ஊசியைச் சுட வெச்சியா?"

"வெச்சாச்சு. இன்னும் தொடவே இல்ல, அதுக்குள்ள என்ன கத்தல்? மரத்துக்கு வாய் இருந்தா உங்களைப் பாத்துச் சிரிக்கும்."

"மரத்துக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது."

பக்கத்தில் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, அக்கா கொடுத்த வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார் அந்த மனைவியின் தம்பி. அவர் காட்டுத் திட்டத்தில் மரம் அளப்பவர். அளவுகாரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்து மூன்றாம் பக்கம் அவருக்கு மனப்பாடம். எழுதியவரே அவர்தான்.

பட்டறை என்பது பெரிய இடமில்லை. ஒரு பட்டைவாள், அதைச் சுற்ற ஒரு பழைய மோட்டார், மரத்தை ஏற்றித் தள்ள தண்டவாளத்தில் ஓடும் ஒரு டிராலி, டிராலியைப் பிடிக்க ஓர் ஆள். நாளைக்கு இரண்டு மரம் அறுத்தால் நல்ல நாள். மூன்று அறுத்தால் பட்டறைக்காரர் அன்று சாயங்காலம் பாட்டு முணுமுணுப்பார். கதவு நிலை, கட்டில் சட்டம், பழப்பெட்டிக்குச் சல்லிப் பலகை. விழும் தூளை அக்கா சாக்கில் அமுக்கிக் கட்டிக் கோழிப்பண்ணைக்கு விற்பாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் தலையில் எண்ணெயோடு தூளும் சேர்ந்தே இருந்தது. நிற்கிற மரத்தைப் பட்டறைக்காரர் வெட்டியதே இல்லை. அது தர்மத்தால் அல்ல, ஏறி வெட்டப் பயம். காற்றில் விழுந்ததையும், தோட்டக்காரர்கள் வேண்டாமென்று சாய்த்ததையும் வாங்கி வருவதோடு சரி.

இப்படிப்பட்டவர் காட்டின் எதிரி ஆனதற்கு விதிதான் காரணம். தலைவிதி அல்ல, கார்பன் கணக்கு விதி.

மலைக்காடு ஒரு கம்பெனிக்குச் சொந்தம். எங்கோ தூரத்தில் புகை விடுகிற ஆலைகள், இங்கே நிற்கிற மரங்களைக் காட்டித் தங்கள் புகையைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். ஆனால் மரம் சும்மா நின்றால் செல்லாது. சும்மா நிற்பதைத்தான் எல்லா மரமும் செய்கிறதே. அதற்கு ஓர் ஆபத்து இருக்க வேண்டும். அந்த ஆபத்தைத் திட்டம் தடுத்திருக்க வேண்டும். ஆபத்து எவ்வளவு பெரிதோ காப்பாற்றிய கார்பனும் அவ்வளவு பெரிது. ஆகவே காட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கு முதல் வேலை, அதை அழிக்கக் கூடிய ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது.

இந்தக் காட்டுக்கு அப்படி யாரும் அகப்படவில்லை. சரிவு செங்குத்து. லாரி போக வழி கிடையாது. பல வருஷம் முன்பு விலைக்குக் கூவியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. திட்ட மேலாளருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் எந்த வெயிலிலும் பச்சை நிறக் கோட்டு போட்டுக்கொண்டுதான் வருவார், காட்டுக்கு மரியாதையாம். பச்சைக்கோட்டு என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் மரியாதையை நினைத்து வைக்கவில்லை.

"உங்க பக்கத்துல மரம் அறுக்கறவங்க யாருமே இல்லையா?" என்று அவர் ஒருநாள் அளவுகாரரைக் கேட்டார்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் பட்டறை வெச்சிருக்கார் சார்."

"பெரிய ஆளா?"

"ரொம்பச் சின்ன ஆள் சார்."

"சின்ன ஆள், பெரிய ஆள்னு விதியில இல்ல. திறன்தான் கேக்கறாங்க. திறன் எவ்வளவுன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. காட்டைக் காப்பாத்தற வேலை, நல்ல காரியம். யோசிக்காதீங்க."

அளவுகாரர் ஒரேயடியாக யோசிக்காமலில்லை. கொஞ்சம் யோசித்தார். அப்போது அவர் வேலை தற்காலிகம். கடிதம் வந்தால் நிரந்தரமாகும் என்று அலுவலகத்தில் காற்றுவாக்கில் ஒரு பேச்சு இருந்தது. நிற்கிற காடு நிற்கத்தான் போகிறது, ஒரு தாளால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

"மாமா, உங்க பட்டறையில ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மரம் அறுக்கலாம்?"

பட்டறைக்காரரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்தொண்ணு."

"என்னது?"

"புயல் அடிச்சு ரோடெல்லாம் மரம் விழுந்துச்சே, அந்த வருஷம். ஒரே நாள்ல நாப்பத்தொண்ணு. நீதானே பக்கத்துல நின்னு எண்ணினே? ஊரே வந்து பாத்துச்சு. டிராலி சூடாகித் தண்ணி ஊத்தினோம்."

"மறுநாள் மோட்டார் எரிஞ்சு ஒரு மாசம் சும்மா கிடந்தோமே, அதையும் எழுதிக்கோ தம்பி" என்றாள் அக்கா, சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே.

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"எதுக்கு இருக்கு?"

"ஒரு நாளைக்கு எத்தனைங்கறதுக்கு மட்டும்தான் இருக்கு."

நாற்பத்தொன்றை வருஷத்துக்கு முந்நூறு நாளால் பெருக்கினார்கள். அதைப் பத்து வருஷத்தால் பெருக்கினார்கள். ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம் வந்தது. காட்டில் இருந்ததோ ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் மரம். பட்டறைக்காரர் காட்டை மொத்தமாக முடித்துவிட்டு, மிச்சம் நாலாயிரத்துக்கு அடுத்த மலையைத் தேடிப் போக வேண்டியிருக்கும். பச்சைக்கோட்டு அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதல் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கடிதத்தின் அடியில் பட்டறைக்காரர் கையெழுத்து. நேரில் கண்ட சாட்சி என்ற இடத்தில் அளவுகாரர் கையெழுத்து. பச்சைக்கோட்டின் கையெழுத்து எங்கேயும் இல்லை. பெரியவர்கள் கையெழுத்தைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள்.

கடிதத்தின் நகலைப் பட்டறைக்காரர் சட்டம் போட்டு மாட்டப் பார்த்தார். அக்காதான் தடுத்தாள்.

வேலை நிரந்தரமானது. காட்டில் தொண்ணூற்றாறு இடத்தில் கயிறு கட்டி வட்டம் போட்டு, வட்டத்துக்குள் நிற்கும் மரத்தையெல்லாம் அளவுகாரர் அளந்தார். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி, சுற்றளவை எழுதி, தகர வில்லையில் எண் அடித்து ஆணியில் மாட்ட வேண்டும்.

"யார் நெஞ்சு மாப்ளே? உன் நெஞ்சா, பச்சைக்கோட்டு நெஞ்சா?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் மாமா. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"குள்ளமா இருக்கறவன் பாடு கஷ்டம்தான்."

கேலி ஆறு மாதம் நீடித்தது. அதன் பிறகு காற்றில் விழுந்த மரத்துக்கும் வில்லை அடிக்க உத்தரவு வந்தது. செத்த மரமும் உளுத்து மண்ணாகும்வரை கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறதாம். அதுவும் கணக்கில் சேர்த்தி. ஆக, பட்டறைக்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த விழுந்த மரம் நின்றுபோனது. பட்டறைக்காரர் கோபப்படவில்லை. தோட்டம் தோட்டமாக சைக்கிளில் அலைந்து மரம் பிடித்தார். முழங்கால் வீங்கியது. அக்கா எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். "உன் தம்பி கட்டைக்கெல்லாம் நம்பர் குடுக்கறான். அடுத்தது என் முழங்காலுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அளவுகாரர் கையிலிருந்த முட்டையை உரிக்காமல் கீழே வைத்தார்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் பச்சைக்கோட்டு அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"விதி மாறியிருக்கு" என்றார். மரணச் செய்தி சொல்கிற குரல். "கசிவு தெரியும்தானே?"

"இங்க வெட்டாத ஆள் வேற இடத்துல போய் வெட்டினா, அது கசிவு சார்."

"அதேதான். முன்னாடி அதுக்கு நூத்துக்குப் பத்துன்னு பொதுவாக் கழிச்சிட்டு விட்டுருவாங்க. இப்ப அப்படி இல்ல. வெட்ட இருந்த ஆளையே நேர்ல போய்ப் பாக்கணுமாம். சரிபார்க்கற அம்மா வியாழக்கிழமை வர்றாங்க. உங்க மாமா இப்ப எங்கேருந்து மரம் வாங்கறார்?"

"தோட்டத்துலேருந்து சார். நாளைக்கு ரெண்டு. சில நாள் அதுவும் இல்ல."

"ரெண்டுன்னு சொன்னா, மிச்சம் முப்பத்தொன்பது எங்கேன்னு கேப்பாங்க. வேற காட்டுல எடுக்கறார்னா கசிவு, மொத்தத்தையும் கழிச்சிடுவாங்க. எடுக்கவே முடியாதுன்னா, இந்தக் காட்டையும் எடுத்திருக்க முடியாது. எடுத்திருக்க முடியாதுன்னா நாம எதைக் காப்பாத்தினோம்?" கையை விரித்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"என்ன சார் செய்யறது?"

"பட்டறை மூடியிருந்தா கசிவு பூஜ்யம். பெரிய ஆள், வெட்ட இருந்தார், திருந்தினார், மூடிட்டார். சுத்தம். அவருக்கு இங்கேயே ஒரு வேலை போட்டுத் தரலாம்." பிறகு, "கடிதத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு. பொய்க் கடிதம்னு ஆச்சுன்னா எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்ல" என்று சொல்லியும்விட்டார்.

அளவுகாரர் நடந்தே பட்டறைக்குப் போனார். தூறல். வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்: மாமா, நான் தப்பா எழுதிட்டேன், அந்தம்மா வந்தா இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லிடுங்க. முழுதும் சரியாக இருந்தது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பட்டறையில் மரம் ஓடிக்கொண்டிருந்தது. டிராலிக்காரர் பின்னாலிருந்து தள்ள, பட்டறைக்காரர் முன்னால் நின்று ஒரு கண்ணைச் சுருக்கிக் கோடு பார்த்தார். வாள் மரத்துக்குள் நுழையும்போது ஒரு சத்தம், கணுவில் இடிக்கும்போது வேறு சத்தம். சத்தம் மாறுமுன்னே அவர் கை வேகத்தைக் குறைத்துவிடும். பலகை விலகி விழுந்தது. ஈர மரத்தின் வாசனை கூரைவரை எழுந்தது.

"வா மாப்ளே! பாரு இதை. உள்ள எப்படி சிவந்திருக்கு பாரு. கொய்யாப்பழம் மாதிரி."

"மாமா, பட்டறையைக் கொஞ்ச நாள் மூடணும்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அது இல்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது அதுதான்.

பட்டறைக்காரர் சுவிட்சை அணைத்தார். வாள் சுற்றி நிற்க நேரம் எடுத்தது. டிராலிக்காரர் பீடி பிடிக்க வெளியே போனார். அக்கா தூள் படிந்த இமையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எதுக்கு?"

அளவுகாரர் கசிவைப் பற்றிச் சொன்னார். பட்டறைக்காரர் குனிந்து மோட்டாரின் அடியைப் பார்த்தார். "கசிவெல்லாம் இல்லையே, போன வாரம்தானே வாஷர் மாத்தினேன்" என்றார். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை புரிந்தது.

"அப்ப நான் தோட்டத்துல ரெண்டு மரம் வாங்கினா, உங்க காட்டுல மரம் குறையுதா?"

"கணக்குல குறையும் மாமா."

"மரத்துல?"

"மரத்துல குறையாது."

"எவ்வளவு நாள் மூடணும்?" இது அக்கா.

"திட்டம் முடியற வரைக்கும்."

"திட்டம் எப்ப முடியும்?"

"நாப்பது வருஷம்."

அக்கா சிரித்தாள். அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவருக்கு இப்ப அம்பத்தாறு. கொஞ்ச நாள்னு சொன்னியேடா!"

"அக்கா…"

"மாட்டேன்னு சொன்னா?" பட்டறைக்காரர் கேட்டார். கோபமாக இல்லை. நிலைக்கதவுக்கு அளவு கேட்பதுபோல்.

"என் வேலை போயிடும். கேஸ் வரும்னு சொல்றாங்க. கடிதத்துல நான் சாட்சி போட்டிருக்கேன்."

கேஸ் பட்டறைக்காரர் மீதும்தான் வரும். அதை அளவுகாரர் சொல்லவில்லை. சொல்லாமலே காரியம் முடிந்துவிடும்போல் இருந்தது. தானே போய் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் அவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு அங்கேயே ஒரு வேலை போட்டுத் தர்றதாச் சொல்றாங்க மாமா."

பட்டறைக்காரர் பாதி அறுத்த மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ என்ன சொல்றே?" என்று மனைவியைக் கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க. இந்தக் கண்ணு வேணுமா, அந்தக் கண்ணு வேணுமான்னு கேக்கற மாதிரி இருக்கு."

"இருபத்தெட்டு வருஷம் எங்கூடத் தூசியில உக்காந்துட்டா. அவ தம்பியை நான் மாட்டி விடுவேனா?" என்றார் பட்டறைக்காரர். பிறகு, "இந்த மரத்தை மட்டும் முடிச்சிடறேன். பாதியில விட்டா பொளந்துடும்" என்று சுவிட்சைப் போட்டார்.

அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அளவுகாரர் குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தாள், அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சரிபார்க்கும் அம்மா வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்சு, கையில் படிவம் மாட்டிய அட்டை. வந்தவள் நேராக மோட்டாரிடம் போய்க் குனிந்து, அதன் தகட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். பச்சைக்கோட்டுக்குக் கழுத்து வேர்த்தது.

"இந்த மோட்டார்லயா ஒரு நாளைக்கு நாப்பத்தொண்ணு?"

"ஆமாம்மா" என்றார் பட்டறைக்காரர். சலவைச் சட்டை போட்டிருந்தார். "முடியும்மா."

அவள் நம்பவில்லை. அது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. திரும்பி, "நீங்கதானே சாட்சி? கண்ணால பாத்தீங்களா?" என்று அளவுகாரரைக் கேட்டாள்.

கேள்வி அவ்வளவுதான். கதவு திறந்தே இருந்தது. ஒரு நாள்தான் பார்த்தேன், மறுநாள் மோட்டார் எரிந்துபோனது. பத்துச் சொல்கூட இல்லை. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு தம்பியின் வாயையே பார்த்தாள்.

"பாத்தேன் மேடம். நாப்பத்தொண்ணு. நானே எண்ணினேன்."

அது உண்மை. அளவுகாரர் தன் வாழ்நாளில் பொய்கள் சிலது சொல்லியிருக்கிறார். எதுவும் அந்த உண்மை அளவுக்குக் கெட்டதில்லை.

அவள் பேனா படிவத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. எத்தனை நாள் பார்த்தீர்கள் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. டிக் போட்டாள். பிறகு, படிவத்தில் இல்லாத ஒன்றைத் தானாகவே கேட்டாள்.

"அவ்வளவு பெரிய காட்டை ஏன் வெட்ட நினைச்சீங்க?"

இதற்கு யாரும் பட்டறைக்காரரைத் தயார் செய்யவில்லை. பச்சைக்கோட்டைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"பேராசைம்மா" என்றார்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதர் கடைசியாகப் புதுச் செருப்பு வாங்கியது எப்போது என்று அவளுக்குத்தான் தெரியும்.

மறுவாரம் வாளைக் கழற்றினார்கள். மோட்டாரின் ஒயரை வெட்டிப் படம் எடுத்தார்கள். டிராலிக்காரர் வேலை தேடி வேறு ஊர் போனார். போகும்போது அளவுகாரரிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. சரிபார்ப்பு அறிக்கையில் கசிவு பூஜ்யம் என்று வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

பச்சைக்கோட்டு வாக்குத் தவறவில்லை. பட்டறைக்காரருக்குக் காவலாளி வேலை கிடைத்தது. பச்சைத் தொப்பி, விசில், தடி. காட்டை யாரிடமிருந்து காக்க வேண்டும் என்று அவர் கேட்டார். பதில் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது; அறிக்கைப்படி அந்தக் காட்டுக்கு அவரைத் தவிர வேறு ஆபத்து இல்லை. ஆக, அவர் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை தன்னிடமிருந்து காட்டைக் காத்தார்.

மாதம் இரண்டு தடவை பார்வையாளர்கள் வருவார்கள். புகைக்கு ஈடாகக் காட்டை வாங்கிய ஆலைகளின் ஆட்கள். அவர்கள் முன்னால் நின்று அவர் திருந்திய கதையைச் சொல்ல வேண்டும். முதல் தடவை, "நான்தாங்க வெட்ட இருந்தது, இப்ப வெட்டல" என்று இரண்டே வரியில் முடித்து நின்றுவிட்டார். பச்சைக்கோட்டு கூப்பிட்டு, உணர்ச்சி போதாது என்றார். பட்டறைக்காரர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை. கதையையும் இழைத்தார். நாலாம் தடவை, "அப்பல்லாம் இந்த மரங்களை நான் மரமாவே பாக்கலங்க, பலகையாத்தான் பாத்தேன்" என்றபோது பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அளவுகாரர் கூட்டத்தின் பின்னால் நின்று செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் போவது குறைந்தது. ஒருநாள் அவளே அலுவலக வாசலில் பிடித்தாள்.

"ஏண்டா வர்றதே இல்ல?"

"வேலைக்கா."

"வீடு சுத்தமா இருக்கு, வந்து பாரு. துடைச்சுத் துடைச்சுப் பாக்கறேன், துணியில ஒண்ணும் வர மாட்டேங்குது." கொஞ்சம் நின்றாள். "அவர் சரியாத் தூங்கறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கறார். நீயாவது பேசிப் பாரு."

இரண்டு நாள் கழித்து, மழை விட்ட காலையில், அறுபத்தோராம் வட்டத்தில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். காவலாளிதான் வந்தார். இரண்டு பேரும் வழுக்கும் சரிவில் ஏறினார்கள். பட்டறைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அளவுகாரர் கை கொடுத்தார், அவர் வாங்கிக்கொண்டார்.

மரம் இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் எட்டாது. பட்டறைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்தார். பழக்கத்தில் கை தானாகப் பட்டையைத் தடவிக் கணுவைத் தேடியது. தேடுவதைத் தானே கவனித்துவிட்டவர்போல் சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்தார்.

"நேத்து வந்தவங்கள்ல ஒரு அம்மா அழுதுட்டாங்க மாப்ளே."

"கேள்விப்பட்டேன் மாமா. நீங்க நல்லாச் சொல்றீங்கன்னு ஆபீஸ்ல பேச்சு."

"எனக்கும் அழுகை வந்துடுச்சு. சொல்லச் சொல்ல எனக்கே பகீர்னு ஆயிடுச்சு. ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம். படுத்தா அதுதான் வருது. இது அத்தனையையும் முடிச்சிருப்பேனே, மனுசனா நான்னு தோணுது."

"அதெல்லாம் ஏன் மாமா நினைக்கறீங்க?"

"சில நேரம் வேற மாதிரியும் தோணுது. நான் எங்க வெட்டியிருக்கப் போறேன், ரெண்டு மரத்துக்கே சைக்கிள்ல அலைஞ்சவன்னு. அப்படித் தோணினா அது இன்னும் மோசம். அப்பப் பட்டறையை எதுக்கு மூடினேன்னு வந்து நிக்குது. உன் அக்கா பழைய சாக்கையெல்லாம் துவைச்சு மடிச்சு அடுக்கி வெச்சிருக்கா. எதுக்குன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறா." நிமிர்ந்து மச்சினனின் முகத்தைப் பார்த்தார். "நீ கணக்குத் தெரிஞ்சவன். கதைக்காகச் சொல்லாதே, நிஜத்தைச் சொல்லு. நான் வெட்டியிருப்பேனா?"

இலைகளில் தங்கியிருந்த தண்ணீர் காற்றுக்குச் சடசடவென்று உதிர்ந்தது. அளவுகாரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்டியிருக்க மாட்டீர்கள் என்று சொன்னால் இருபத்தெட்டு வருஷப் பட்டறை ஒன்றுமில்லாததற்காகப் போனது என்று ஆகும். போக வைத்தது யார் என்பதும் கூடவே எழுந்து நிற்கும். வெட்டியிருப்பீர்கள் என்றால், ஒரு பாவமும் அறியாத மனிதரைக் கொலைகாரராக்கியது ஆகும். இரண்டில் எது மாமாவுக்கு நல்லது என்று தான் யோசிப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். தனக்கு எது நல்லது என்பதைத்தான் யோசித்தார்.

"வெட்டியிருப்பீங்க மாமா" என்றார்.

பட்டறைக்காரரின் தோள் மெல்லத் தளர்ந்து இறங்கியது. ஒரு சுமையைக் கீழே வைத்தவர் விடுகிற மூச்சு வந்தது.

"அதான். நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார். "அப்ப மூடினதுதான் சரி. இல்ல?"

"ஆமாம் மாமா."

"நல்ல காலம், நீ வந்து தடுத்தே. இல்லன்னா எவ்வளவு பெரிய பாவத்தைச் சுமந்திருப்பேன்." மச்சினனின் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "உன் அக்காகிட்டயும் சொல்லணும். அவ உம்மேல கொஞ்சம் வருத்தமா இருக்கா. நான் சொன்னா கேப்பா."

பிறகு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, டேப்பின் முனையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் போனார். அளவுகாரர் அளவைப் படித்தார். அவர் குரல் பிசிறியதைக் கேட்டு, டேப் வழுக்கித் தப்பாகியிருக்கும், இன்னொரு தரம் பார் என்றார் பட்டறைக்காரர். இன்னொரு தரம் அளந்தார்கள்.

அளவில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தவறு இல்லை. அளவுகாரர் அதை எழுதிக்கொண்டார்.